பழைய காரின் ஸ்டியரிங் பாகங்களை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பவர் ஸ்டியரிங் இல்லாத கார்களுக்கும், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள கார்களுக்கும் உரியவை.

ஸ்டியரிங் வேலையெல்லாம் வீட்டிலேயே செய்யலாமா? ஆபத்து இல்லையா?

செய்யக்கூடிய வேலையும் உண்டு, தொடக்கூடாத வேலையும் உண்டு. டை ராடு எண்ட், ராக்கின் ரப்பர் பூட், உள் டை ராடு, ஐட்லர் ஆர்ம், போல்ட் போட்டுப் பொருத்தப்பட்ட பால் ஜாயிண்ட் ஆகியவற்றைப் (இந்தப் பெயர்களை அடுத்த பதிலில் விளக்கியிருக்கிறேன்) பொறுமையும் சரியான கருவியும் உள்ள ஒருவர் வீட்டிலேயே மாற்றிவிடலாம். ராக்கையோ ஸ்டியரிங் பாக்ஸையோ பிரித்து உள்ளே கை வைப்பது, ஏர்பேக் உள்ள ஸ்டியரிங் வீலைக் கழற்றுவது, அழுத்திப் பொருத்தப்பட்ட பால் ஜாயிண்டைப் பிரஸ் (அழுத்தும் எந்திரம்) இல்லாமல் எடுக்க முயல்வது ஆகிய மூன்றையும் அதற்கென்று வசதி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஆபத்தைப் பற்றி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில் பிரேக்குக்கு இரண்டு தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றொன்று வண்டியை நிறுத்த உதவும். ஸ்டியரிங்குக்கு அப்படி மாற்று வழி கிடையாது. ஒரு நட் கழன்று ஒரு ஜாயிண்ட் விடுபட்டால் அந்தச் சக்கரம் உங்கள் கைப்பேச்சைக் கேட்காது. வேலை கடினமானதல்ல. ஆனால் ஒவ்வொரு நட்டையும் இறுக்கிய பிறகு இன்னொரு முறை கை வைத்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது.

எந்தெந்தப் பாகம் தேயும்? பெயர்களே எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

கையிலிருந்து சக்கரம் வரை வரிசையாகப் போனால் குழப்பம் தீரும். ஸ்டியரிங் வீலிலிருந்து இறங்கும் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒன்றோ இரண்டோ யுனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். சில பழைய கார்களில் அதற்குப் பதிலாக ரப்பர் வட்டு இருக்கும். அதற்குக் கீழே ஸ்டியரிங் ராக், அதாவது வீலைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் பல் வைத்த கம்பி, இருக்கும். ராக்கின் இரு முனைகளிலும் சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியான உள் டை ராடு, அதைச் சுற்றி மடிப்பு மடிப்பான பூட், அதன் வெளி முனையில் டை ராடு எண்ட், அது போய்ச் சேரும் இடத்தில் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். அந்த நக்கிளைக் கீழ்க்கையோடு, அதாவது சட்டத்திலிருந்து சக்கரத்துக்கு நீளும் கீழ்ப்பக்கக் கையோடு, இணைக்கும் உருண்டை மூட்டுதான் பால் ஜாயிண்ட்.

இன்னும் பழைய கார்களிலும் ஜீப் வகை வண்டிகளிலும் ராக்குக்குப் பதில் ஸ்டியரிங் பாக்ஸ், அதாவது பற்கள் உள்ள ஒரு பெட்டி, இருக்கும். அதிலிருந்து வெளிவரும் பிட்மேன் ஆர்ம் ஒரு நீண்ட கம்பியைத் தள்ளி இழுக்கும். எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் ஆர்ம் அந்தக் கம்பியைத் தாங்கும். இந்த அமைப்பில் ஜாயிண்டுகள் அதிகம் என்பதால் ஒவ்வொன்றிலும் துளித்துளியாகச் சேரும் ஆட்டம் ஸ்டியரிங் வீலில் பெரிதாகத் தெரியும்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது. எது போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பாகத்தை வாங்குவதற்கு முன் இதற்கு அரைமணி நேரம் ஒதுக்குங்கள். டை ராடு எண்ட் இரண்டையும் மாற்றிவிட்டு "ஆட்டம் அப்படியே இருக்கிறதே" என்று வருபவர்கள்தான் அதிகம். கொஞ்சம் ஆட்டம் இயல்பானதுதான். ஸ்டியரிங் வீலின் விளிம்பில் அளக்கும்போது சில கார்களின் கையேடுகள் 30 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. சிலவற்றில் 10 மில்லிமீட்டர்தான் எல்லை.

முதல் சோதனையைச் சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங் வீலை இடமும் வலமுமாகச் சிறிதளவு விடாமல் ஆட்டட்டும். நீங்கள் வெளியிலிருந்து ஒவ்வொரு ஜாயிண்டாக, ஜாயிண்டின் இரு பக்கமும் தொடுமாறு விரல்களை வைத்துப் பாருங்கள். நல்ல ஜாயிண்டில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அசையும். தேய்ந்த ஜாயிண்டில் ஒரு பக்கம் முதலில் அசைந்து, ஒரு சின்ன "டக்" விரலில் பட்ட பிறகே மறுபக்கம் அசையும். அந்த இடைவெளியைக் கண்ணைவிட விரல் முன்னதாகக் கண்டுபிடித்துவிடும். தண்டின் யுனிவர்சல் ஜாயிண்டையும் ராக்கைச் சட்டத்தோடு பிடிக்கும் ரப்பர் புஷ்களையும் மறக்காமல் பாருங்கள். ராக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்ந்தால் குற்றம் டை ராடுடையது அல்ல.

பிறகு முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கடிகாரத்தின் 3, 9 இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். இதில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராடு வரிசையில் தேய்மானம். 12, 6 இடங்களில் பிடித்து ஆட்டும்போதும் ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயிண்ட் அல்லது வீல் பேரிங். அவற்றைப் பிரித்தறிய, ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள்; ஆட்டம் மறைந்தால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயிண்ட். கீழ்க்கையின் மேல் சுருள் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் கார்களில் மட்டும், சோதிக்கும்போது ஜாக்கியைக் கீழ்க்கையின் அடியில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயிண்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும்.

ரப்பர் பூட் மட்டும்தான் கிழிந்திருக்கிறது, ஆட்டம் இல்லை. ரப்பரை மட்டும் மாற்றினால் போதாதா?

கிழிந்து சில நாட்களே ஆகியிருந்து, உள்ளே இருக்கும் கிரீஸ் இன்னும் சுத்தமாக இருந்தால் போதும். கிரீஸை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மணல் போல நெருடினாலோ, பழுப்பு நிறத் தண்ணீர் கலந்திருந்தாலோ, ஜாயிண்டின் உருண்டை அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். புது ரப்பர் அந்த அழுக்கை உள்ளேயே பூட்டி வைக்கும். டை ராடு எண்ட் விலையுயர்ந்த பாகம் அல்ல என்பதால் நான் அதை முழுதாகவே மாற்றச் சொல்வேன். ராக் பூட்டின் நிலை வேறு: அதை உடனே மாற்றினால் விலை அதிகமான ராக் பிழைக்கும்.

ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வைத்திருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

இரண்டு ஸ்டாண்டுகளும் பின்சக்கரங்களுக்கு அடைக்கட்டைகளும் முதலில் வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. ஜாக்கியில் நிற்கும் காரின் அடியில் தலையையோ கையையோ நீட்டக்கூடாது. கழற்றிய சக்கரத்தையும் சட்டத்தின் அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டியரிங் வேலையில் சுத்தியல் அடிக்க வேண்டியிருப்பதால், ஸ்டாண்டில் நிறுத்திய காரைக் கையால் பலமாகத் தள்ளிப் பார்த்து, அது அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்), பால் ஜாயிண்ட் புல்லர் (இறுகிய ஜாயிண்டை அழுத்திப் பிரிக்கும் கருவி), துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், அளவு நாடா, புதிய ஸ்ப்ளிட் பின்கள் (நட் கழலாமல் இருக்கத் தண்டின் துளையில் செருகி மடிக்கும் பின்கள்). முள்கரண்டி வடிவக் கருவியும் கிடைக்கும். அது ஜாயிண்டைப் பிரித்துவிடும், ஆனால் ரப்பரை ஏறக்குறைய நிச்சயமாகக் கிழிக்கும். தூக்கிப்போடப் போகும் ஜாயிண்டுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள்.

டை ராடு எண்டை எந்த வரிசையில் மாற்ற வேண்டும்?

முந்தின நாளே மரைகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் விட்டு வையுங்கள். கார் ஸ்டாண்டில் ஏறியதும், லாக் நட்டின் (எண்டை டை ராடில் நகராமல் பூட்டும் நட்) முகத்திலிருந்து எண்டின் தண்டு மையம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மரையில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடும் போடலாம். டை ராடை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்து, லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். அதற்கு மேல் நகர்த்தினால் உங்கள் அடையாளம் போய்விடும். ஸ்ப்ளிட் பின்னை எடுத்து, பெரிய நட்டைக் கழற்றி, ஜாயிண்டை நக்கிளிலிருந்து பிரித்து, எண்டைச் சுற்றுகளை எண்ணிக்கொண்டே மரையிலிருந்து எடுங்கள்.

புதியதைப் பழையதன் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஏற்ற வேண்டாம். நீளம், மரை, தண்டின் சரிவு (முனையை நோக்கிக் குறுகும் வடிவம்) ஆகிய மூன்றும் ஒத்திருக்க வேண்டும். சில கார்களில் ஒரு பக்க மரை இடதுபுற மரையாக, அதாவது எதிர்த்திசையில் திருப்பினால் இறுகுவதாக, இருக்கும். நக்கிளின் சரிவுத் துளையையும் புதிய தண்டையும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டுப் பொருத்துங்கள். அந்தச் சரிவு உலர்ந்த உராய்வால்தான் பிடித்து நிற்கிறது. நட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். பல சிறிய கார்களில் அது 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும் என்றாலும், உங்கள் காரின் அளவே கணக்கு.

நட்டைக் கழற்றிவிட்டேன், ஆனாலும் ஜாயிண்ட் வெளியே வரவே மாட்டேன் என்கிறது.

பல ஆண்டுகளாக உட்கார்ந்த சரிவுத் தண்டு அப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும். தண்டின் முனையில் கீழிருந்து அடிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. மரை காளான் போல விரிந்துவிடும், ஜாயிண்ட் அங்கேயே இருக்கும். நட்டை இரண்டு மூன்று சுற்று திரும்ப ஏற்றி வைத்து, புல்லரைப் பொருத்தி நன்றாக இறுக்குங்கள். அந்த இறுக்கத்தோடு, தண்டு உட்கார்ந்திருக்கும் நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டிலிருந்து கனமான சுத்தியலால் பலமாக இரண்டு மூன்று அடி கொடுங்கள். அடிபடும் கண் ஒரு கணம் நெளிந்து தண்டை விட்டுவிடும். திடீரென்று துப்பாக்கி வெடித்ததுபோல் "டப்" என்று ஒரு சத்தம் கேட்கும். புல்லர் தளர்ந்து தொங்கும். நட் மரையில் இருப்பதால் எதுவும் தெறித்து முகத்தில் படாது.

நெருப்பு வைத்துச் சூடாக்க வேண்டாம். நக்கிள் சூட்டுப்பதம் கொடுக்கப்பட்ட எஃகு. சிவக்கச் சூடாக்கினால் அதன் பதம் போய்விடும். மூடிய ஜாயிண்டுக்குள் கிரீஸ் கொதித்தால் அது வெடித்துத் தெறிக்கவும் கூடும்.

நட்டைச் சுற்றினால் உள்ளே இருக்கும் தண்டும் சேர்ந்து சுற்றுகிறது. என்ன செய்வது?

தண்டு சரிவில் இறுகி உட்காரவில்லை. ஜாயிண்டின் தலையை ஒரு சிறு ஜாக்கியாலோ கட்டையாலோ துளைக்குள் அழுத்திப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். புதிய எண்டுகள் பலவற்றில் தண்டின் முனையில் அறுகோணக் குழி இருக்கும். அதில் ஆலன் சாவியைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம். புதிய தண்டை முழுதாக இறுக்கிய பிறகும் அது சுற்றினால் நக்கிளின் துளையே தேய்ந்திருக்கிறது. அதற்கு நக்கிளை மாற்றுவதே வழி. தகடு வைத்து இடைவெளியை அடைப்பதை நான் ஒருபோதும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஸ்ப்ளிட் பின் துளை நட்டின் வெட்டுக்கு நேராக வரவில்லை. நட்டைக் கொஞ்சம் தளர்த்தலாமா?

கூடாது. சொல்லப்பட்ட அளவுக்கு இறுக்கிய பிறகு, அடுத்த வெட்டு துளைக்கு நேராக வரும் வரை இன்னும் இறுக்கும் திசையிலேயே திருப்ப வேண்டும். தளர்த்தினால் சரிவின் பிடி குறையும். பின் நட்டைக் கழலாமல் காக்கும், ஆனால் உள்ளே தண்டு நகர்ந்து நகர்ந்து துளையைத் தேய்க்கும். பழைய பின்னை நிமிர்த்திப் போடாதீர்கள். நைலான் வளையம் உள்ள நட் வந்திருந்தால் அதையும் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் போதுமா?

மற்றதில் ஆட்டமும் கிழிசலும் இல்லையென்றால் போதும். ஆனால் இரண்டும் ஒரே வயதுடையவை என்றால் அடுத்தது விரைவிலேயே போகும்; அப்போது அலைன்மென்ட்டை (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) இன்னொரு முறை செய்ய வேண்டிவரும்.

எத்தனை சுற்றில் கழற்றினேனோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றிவிட்டேன். அப்புறமும் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

வேண்டும். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். டை ராடின் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நக்கிளில் டை ராடு சேரும் புள்ளி, சக்கரம் திரும்பும் அச்சிலிருந்து 130 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. ரிம்மின் விட்டம் 380 மில்லிமீட்டர். அப்படியானால் ஒரே ஒரு சுற்றுப் பிசகு, சக்கரத்தின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 4 மில்லிமீட்டருக்கும் மேலான வித்தியாசத்தை உண்டாக்கும். பல கார்களில் அனுமதிக்கப்படும் மொத்த அளவே ஓரிரு மில்லிமீட்டர்தான். அரைச்சுற்று தவறினாலும் டயர் ஓரமாகத் தேயத் தொடங்கும்.

சுற்றுகளை எண்ணுவதும் அளவு நாடாவும் அலைன்மென்ட் எந்திரம் வரை காரை நிதானமாக ஓட்டிக்கொண்டு போவதற்கு மட்டுமே. லாக் நட்டை இறுக்க மறந்து புறப்பட்டுவிடாதீர்கள்.

உள் டை ராடையும் நானே மாற்றலாமா? அது ராக்கோடு சேர்ந்ததாயிற்றே.

மாற்றலாம். பூட்டின் கவ்விகளைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளினால் ராக்கின் முனையில் உருண்டை மூட்டு தெரியும். அதைப் பூட்டி வைத்திருக்கும் மடித்த வாஷர் இருந்தால் முதலில் அதை நிமிர்த்துங்கள்; புதியதைப் போடும்போது புது வாஷர் வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இறுக்கும்போதும் தளர்த்தும்போதும் ராக் கம்பியையே ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் உள்ளே இருக்கும் பற்களின் மேல் ஏறும்.

பூட்டைத் திரும்ப மாட்டும்போது அது முறுக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அலைன்மென்ட் செய்யும்போது டை ராடு சுழலும் என்பதால், சிறு கவ்வியை அந்த வேலை முடிந்த பிறகு இறுக்குவது நல்லது.

ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு ஸ்குரூ இருக்கிறதே, அதை இறுக்கினால் ஆட்டம் போய்விடும் என்கிறார்கள்?

போகும், கூடவே ஸ்டியரிங்கும் போகலாம். அந்த ஸ்குரூ பாக்ஸுக்குள் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குறைக்கிறது. பற்கள் நேர்நிலையில்தான் அதிகம் தேயும். கார் நேராக ஓடும்போது ஏற்படும் ஆட்டத்தைப் போக்க அதை அதிகமாக இறுக்கினால் பற்கள் உரசிப் பிடித்துக்கொள்ளும், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. முதலில் மூன்றாவது பதிலில் சொன்ன விரல் சோதனையைச் செய்து, ஐட்லர் ஆர்மும் ஜாயிண்டுகளும் குற்றமற்றவை என்று தெரிந்த பிறகே, கையேட்டில் உள்ள முறைப்படி, நேர்நிலையில், மிகச் சிறிய அளவுகளில் திருப்புங்கள்.

பிட்மேன் ஆர்மைக் கழற்ற நேர்ந்தால் அதற்கு உரிய புல்லர் தேவை. சுத்தியலால் அடித்தால் பாக்ஸின் பேரிங் அடிவாங்கும். கழற்றும் முன் ஆர்மிலும் தண்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள்.

தண்டின் ஜாயிண்டைக் கழற்றியபோது ஸ்டியரிங் வீல் தானாகச் சுற்றிவிட்டது. பரவாயில்லையா?

ஏர்பேக் இல்லாத காரில் பரவாயில்லை: ராக்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை திருப்பி, சுற்றுகளை எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, வீலை நேராக வைத்து இணைத்துவிடலாம். ஏர்பேக் உள்ள காரில் வீலுக்கு அடியில் நாடா போன்ற கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அது ஒவ்வொரு பக்கமும் குறிப்பிட்ட சுற்றுகளே தாங்கும். நடுநிலை தவறி இணைத்தால், ஒரு நாள் முழுக்கத் திருப்பும்போது அந்த நாடா அறுந்து ஏர்பேக் விளக்கு எரியும். வீல் சுற்றியது எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்பது நிச்சயமாகத் தெரிந்தால் அதே அளவு திருப்பிக் கொண்டுவாருங்கள்; தெரியாவிட்டால் சுருளை நடுநிலைப்படுத்தத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுத்த முறை, ஜாயிண்டைத் தொடுவதற்கு முன்பே வீலை நேராக வைத்து இருக்கை பெல்ட்டால் கட்டிவிடுங்கள்.

குழாயை மாற்றிய பிறகு பவர் ஸ்டியரிங் முனகுகிறது. பம்ப் போய்விட்டதா?

பெரும்பாலும் காற்றுதான். எஞ்சினை நிறுத்தி, முன்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி, தொட்டியில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொண்டே ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு மெதுவாக இருபது முறையாவது திருப்புங்கள். குமிழ்கள் நின்ற பிறகு எஞ்சினை இயக்கி மீண்டும் சிலமுறை திருப்புங்கள். கோடியில் அழுத்திப் பிடிக்காதீர்கள். எண்ணெய் பால்போல் நுரைத்திருந்தால் சில மணிநேரம் அப்படியே விட்டு, பிறகு தொடருங்கள்.

எந்த எண்ணெய் என்பதைத் தொட்டியின் மூடியைப் பார்த்தோ கையேட்டைப் பார்த்தோ மட்டும் முடிவு செய்யுங்கள். நிறத்தைப் பார்த்து ஊற்ற வேண்டாம். பிரேக் எண்ணெயைத் தவறியும் ஊற்றாதீர்கள். ரப்பர் சீல்கள் அனைத்தும் உப்பிக் கெட்டுவிடும்.

கீழ்ப் பால் ஜாயிண்டை மாற்றும்போது ஸ்பிரிங் தெறிக்கும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

கீழ்க்கையின் மேல் சுருள் ஸ்பிரிங் உட்காரும் அமைப்பில் முற்றிலும் உண்மை. அங்கே ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பதே அந்த ஜாயிண்ட்தான். அதை விடுவித்தால் உயிரைப் பறிக்கும் விசையோடு கை கீழே விழும். கீழ்க்கையை ஜாக்கியால் உறுதியாகத் தாங்காமலும் ஸ்பிரிங்கைக் கட்டாமலும் தொடக்கூடாது. முதன்முறையாகச் செய்பவர் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். ஸ்பிரிங் ஷாக் அப்சார்பரோடு சேர்ந்து நிற்கும் ஸ்டிரட் அமைப்பில் இந்த ஆபத்து இல்லை. ஸ்டிரட்டின் மேல்முனை நட்டை மட்டும் திறக்காதீர்கள்.

கீழ்க்கையின் ரப்பர் புஷ் போல்ட்களைத் தளர்த்தியிருந்தால், கார் தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் அவற்றை முழுதாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுகியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

எல்லாம் புதிதாகப் போட்ட பிறகு, ஸ்டியரிங் திருப்பிய பக்கமே நிற்கிறது, நேராக வருவதில்லை. ஏன்?

நான்கு இடங்களைப் பாருங்கள். பாக்ஸின் ஸ்குரூ மேலே சொன்னபடி அதிகமாக இறுகியிருக்கலாம். புதிய பால் ஜாயிண்ட் உள்ளேயே பிடித்திருக்கலாம். டை ராடை விடுவித்து நக்கிளைக் கையால் திருப்பிப் பார்த்தால் தெரியும். தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் துருவேறிக் குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இறுகலாம். நான்காவதைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள்: சில பழைய வண்டிகளின் ஐட்லர் ஆர்மிலும் டை ராடு எண்டிலும் உருண்டைக்குப் பதிலாக ஒட்டப்பட்ட ரப்பரே முறுகி வளைந்து கொடுக்கும். அவற்றைச் சக்கரம் திரும்பிய நிலையில் இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையையே தன் இயல்பாக எடுத்துக்கொண்டு காரை எப்போதும் அந்தப் பக்கமே இழுக்கும். நட்டைத் தளர்த்தி, சக்கரத்தை நேராக்கி, சரிவை விடுவித்து மீண்டும் இறுக்கினால் போதும்.

கார் நேராகவே ஓடி, ஸ்டியரிங் வீல் மட்டும் கோணலாக நின்றால் அது வேறு விஷயம். ஒரு டை ராடை நீட்டிய அளவுக்கே மற்றதைக் குறைத்தால் வீல் நேராகிவிடும். வீலைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுவது சரியான தீர்வு அல்ல. ராக்கின் நடுநிலை தவறியே இருக்கும்.

முதல்முறை ஓட்டிப் பார்த்த பிறகு எதையெல்லாம் மீண்டும் பார்க்க வேண்டும்?

போக்குவரத்து இல்லாத இடத்தில், நடக்கும் வேகத்தில் தொடங்கி, இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் குழாயோ பூட்டோ எங்கும் உரசக்கூடாது. வந்ததும் ஒவ்வொரு ஸ்ப்ளிட் பின்னையும் விரலால் தொட்டு, லாக் நட்களையும் வீல் நட்களையும் ரெஞ்சால் சோதியுங்கள். இறுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும், அது உட்கார்ந்திருக்கும் பாகத்தின் மேலும் தொடர்ச்சியாக ஒரு பெயிண்ட் கோடு போட்டு வைப்பது என் வழக்கம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்தால், எந்தக் கோடு உடைந்திருக்கிறதோ அந்த நட் நகர்ந்திருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.